பக்கத்து வீட்டுப் பாட்டும் பயனுள்ள குறிப்புகளும்

அடுத்த வீட்டுச் சாம்பார் மணத்தால் "என்ன பொடி போட்டீங்க?" என்று விசாரிக்கிறோம்; அடுத்த வீட்டு ரேடியோவைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்காரர்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் பாட்டிகள் என்று ஒவ்வொருவரும் பாட்டு கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதில் காசும் நேரமும் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியம் நிறைய இருக்கிறது. அப்படி நாலு வீட்டில் விசாரித்துச் சேர்த்தவை இதோ. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள் தோழிகளே!

விசாரிக்கலாம் வாங்க

1. அடுத்த வீட்டில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையா? "ஏன் இவ்வளவு சத்தம்?" என்று தொடங்கினால் பேச்சு அத்தோடு முடிந்தது. "காலையில ஒரு பாட்டு போட்டீங்களே, எந்தப் படம்க்கா?" என்று கேளுங்கள், படத்தின் பெயரோடு அந்த அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் வரை தெரிந்துவிடும்.

2. "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்றால் எல்லோரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "சமைக்கும்போது என்ன ஓடும்? துணி மடிக்கும்போது?" என்று வேலையோடு சேர்த்துக் கேட்டால் சட்டென்று பதில் வரும். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கூச்சம் விட்டுப் பேசவும் இது நல்ல வழி.

3. வீட்டுப் பெரியவர்களிடம் இலங்கை வானொலியைப் பற்றிக் கேளுங்கள். 1952-ல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அருகிப்போக, ஜனங்கள் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்த மோகம் தீரவில்லை. இலங்கை அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று பெயரைச் சொன்னாலே போதும், தாத்தா அவர்கள் குரலில் அறிவிப்பு செய்தே காட்டுவார். அதை செல்போனில் பதிவு செய்து வையுங்கள். பைசா செலவில்லாத சொத்து.

4. மெட்டு மட்டும் மண்டைக்குள் சுற்றுகிறது, வரி வரவில்லையா? நாள் முழுக்க ரேடியோவோடு இருக்கும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமோ தையல்காரரிடமோ முணுமுணுத்துக் காட்டுங்கள். அவர்களும் கைவிரித்தால், கூகுள் செயலியில் மைக்கைத் தொட்டுப் பத்துப் பதினைந்து விநாடி ஹம் செய்யுங்கள். 2020-லிருந்து அந்த வசதி உண்டு.

5. பிடித்த பாட்டுகளின் பட்டியலைச் செயலியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். 2024-ல் ஏர்டெல்லின் விங்க் மியூசிக் மூடப்பட்டது. இப்படி ஒரு செயலி நின்றுபோனால் பட்டியலும் கூடவே போகும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம், பாடியவர், இசையமைப்பாளர் மூன்றையும் குறித்து வைத்தால் எந்தச் செயலிக்கு மாறினாலும் கவலையில்லை.

6. பெரியவர்களுக்கு சரிகமவின் காரவான் வாங்கும் எண்ணமா? 2017-ல் வந்த இந்தப் பெட்டியின் தமிழ் மாடலில் 5,000 பாட்டுகள் நிரப்பியே வருகின்றன. வாங்குவதற்கு முன் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு மதியம் பெரியவரை உட்காரவைத்து, பட்டனைத் திருகும் அளவுக்கு விரலில் வலு இருக்கிறதா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

7. வீட்டில் ஏற்கெனவே ப்ளூடூத் ஸ்பீக்கர் சும்மா கிடந்தால், அதில் பென் டிரைவ் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய பாட்டுகளை ஏற்றிப் பாட்டியிடம் கொடுத்துவிடலாம். புதுப்பெட்டி வாங்கும் பணம் மிச்சம்.

ரேடியோ இருக்கும் வீட்டில்

8. எஃப்.எம். கரகரக்கிறதா? உடைந்த ஏரியலின் அடிக்கட்டையில் சுமார் 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒயரைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் பக்கம் தொங்கவிடுங்கள். எஃப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால்பங்கு ஏரியல் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

9. பாட்டிக்கு நிலையம் தேடத் தெரியவில்லையா? ஆகாசவாணியின் ரெயின்போ 101.4 வரும் இடத்தில் முள் நிற்கும்போது, அந்தக் கண்ணாடி மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள். பேரனைக் கூப்பிடாமல் பாட்டி தானே திருப்பிக்கொள்வார்.

10. மீடியம் வேவ் வைத்தால் கொர்ரென்று இரைச்சல் வருகிறதா? எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், வைஃபை பெட்டி மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ அதிலிருந்து ரேடியோவை நாலடி தள்ளி வைத்தால் போதும். ரேடியோப் பெட்டியையே அப்படி இப்படித் திருப்பி வைத்தாலும் தெளிவு கூடும்.

11. செல்போனில் எஃப்.எம். இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள், எஃப்.எம். வசதியை முடக்கி வைக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய அரசு செல்போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஒயர் இயர்போன் செருகினால்தான் பெரும்பாலான போன்களில் பாடும், அந்த ஒயர்தான் ஏரியல். டேட்டா ஒரு துளிகூடச் செலவாகாது.

12. ஆவடியில் ஆகாசவாணியின் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது, இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியதும் 1977 ஜூலை 23-ல் நம் சென்னையில்தான். ஆகவே நம் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய செட்டைத் தூசி தட்டினால் வீண்போகாது. பழுதென்றால் உள்ளூர்க் கடையில் கைவிரித்த பிறகு ரிச்சி தெருவில் ஒருமுறை காட்டுங்கள், பாகம் கிடைக்கக்கூடும்.

13. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் சென்னை நிலையத்தைக் கேட்க ஆசைப்பட்டால் பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைப் போட்டுக் கொடுங்கள். இலவசம்தான். நேரடி ரேடியோவைவிடச் சில விநாடி தாமதமாக வரும் என்பதால், மணி பார்த்துக் கடிகாரம் திருத்த மட்டும் அதை நம்ப வேண்டாம்.

14. ரேடியோவுக்கு வலு போதாத பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள். அது சுவர்க் கடிகாரத்தையும் டி.வி. ரிமோட்டையும் இன்னும் சில வாரம் ஓட்டும். ஒரு மாதம் ரேடியோவைத் தொடமாட்டோம் என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே கசிந்தால் செட்டே போய்விடும்.

15. 2016 டிசம்பர் 12 வர்தா புயலும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் நம் பக்கம் மறக்க முடியாதவை. மிக்ஜாமில் அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. கரண்டும் செல்போன் சிக்னலும் போன நேரத்தில் பேட்டரி ரேடியோதான் சேதி சொல்லும். ஐப்பசி பிறந்ததும் ஒரு ஜோடிப் புதுப் பேட்டரியை ரேடியோவுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிடுங்கள்.

16. பாட்டுச் சேனலைப் போட்டுவிட்டு அடுக்களையில் வேலை பார்ப்பது பல வீட்டு வழக்கம். டி.வி.யும் செட்டாப் பெட்டியும் சேர்ந்து 80 வாட் என்று வைத்தால், தினம் 4 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 19 யூனிட். 5 வாட் ரேடியோ என்றால் ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். இலவச 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு, யாரும் பார்க்காத படத்துக்குப் போகிறது.

17. 1930-களில் சென்னை மாநகராட்சி ரேடியோ ஒலிபரப்பியபோது, செட் இல்லாத ஜனங்கள் மெரினாவிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி முன் கூடிக் கேட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதையே செய்யலாம். ஞாயிறு சாயங்காலம் மாடியில் ஒரே ஸ்பீக்கர், வாரம் ஒரு வீட்டின் பட்டியல் என்று வைத்துக்கொண்டால் யார் எதைக் கேட்பார் என்று தானாகத் தெரிந்துவிடும்.

அடுக்களையில்

18. செல்போன் சத்தம் போதவில்லையா? காலியான வாயகன்ற பாத்திரத்தில் ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். எவர்சில்வர் டம்ளரில் சத்தம் கணீரென்று வந்தாலும் கிணுகிணுக்கும். பீங்கான் கிண்ணத்திலோ மண்சட்டியிலோ வைத்தால் குரல் இதமாக இருக்கும்.

19. மாவுக் கையோடு போனைத் தொடும் பழக்கம் இருந்தால், அதை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். கவர் மேலேயே விரல் வேலை செய்யும், பாட்டும் கேட்கும். அடுப்புக்கும் குக்கர் ஆவிக்கும் எட்டாத தூரத்தில் ஆணியில் தொங்கவிடலாம்.

20. ஒரு சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம். இட்லி வேக இரண்டரைப் பாட்டு, முட்டை கெட்டியாக வேக அதே இரண்டரை, டீ கொதித்து இறங்க ஒன்று என்று வைத்துக்கொண்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

21. மோட்டார் போட்டுவிட்டு மறப்பதுதான் நம் பக்கத்து வீடுகளில் பெரிய நஷ்டம். தொட்டி நிரம்ப எத்தனை பாட்டு ஆகிறது என்று ஒருமுறை எண்ணி, அத்தனை பாட்டு மட்டும் கொண்ட 'மோட்டார்' பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். பாட்டு நின்றதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரும் கரண்டும் மிச்சம்.

22. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-ல் இசைத்தட்டாக வந்த வெங்கடேச சுப்ரபாதம் சுமார் 20 நிமிடம் ஓடும். போட்டதும் பால் அடுப்பில், முடிவதற்குள் காபி கையில், பிள்ளைகள் பல் தேய்த்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துவிட்டால் காலையில் கத்த வேண்டியதில்லை. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் போடும் வீட்டிலும் இதே கணக்கு சரியாக வரும்.

23. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு சமைத்தால் குக்கர் விசில் கணக்கு தப்பும், காலிங் பெல்லும் கேட்காது. ஒரு காதுக்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். செல்போனில் 'மோனோ' என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் ஒரே காதில் முழுப் பாட்டும் குறையில்லாமல் கேட்கும்.

24. வீடு பெருக்கித் துடைக்கும் நேரத்துக்குக் குத்துப்பாட்டு, காய் நறுக்க மெலடி, வெங்காயம் உரிக்கச் சோகப்பாட்டு என்று பிரித்து வையுங்கள். எப்படியும் கண்ணீர் வரப்போகிறது, பாட்டாவது பொருத்தமாக இருக்கட்டும்! வேலைக்கேற்ற வேகம் இருந்தால் அலுப்பும் தெரியாது.

டேட்டாவும் காசும்

25. செயலியில் பாட்டின் தரத்தை நடுத்தரமாக வையுங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்குச் சுமார் 58 எம்.பி., 320 என்றால் 144 எம்.பி. செலவாகும். வேலைக்கு நடுவே சின்ன ஸ்பீக்கரில் கேட்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் அபூர்வம்.

26. பாட்டுக்காக யூடியூபில் வீடியோ ஓடவிடுவது டேட்டாவைத் தின்னும் பழக்கம். காது மட்டும் வேலை செய்யும் நேரத்தில் பாட்டுச் செயலிக்கு மாறுங்கள். வீடியோதான் வேண்டும் என்றால் தரத்தை 144-க்கு இறக்கிவிடுங்கள்.

27. பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டுவதற்கு முன், வீட்டில் யார் யார் தனித்தனியாகக் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குக் குடும்பத் திட்டம் மலிவு. செல்போன் ரீசார்ஜோடு இலவசமாக ஏதாவது வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

28. ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன் ஓட்டுநர்களிடம் பென் டிரைவ் ரகசியம் கேளுங்கள்: காலை, மதியம், இரவு என்று தனித்தனி ஃபோல்டர். பாட்டின் பெயருக்கு முன் 01, 02 என்று எண் கொடுத்தால் நாம் நினைத்த வரிசையிலேயே பாடும்.

29. வண்டி ஸ்டீரியோ பென் டிரைவைப் படிக்கவில்லையா? கெட்டுப்போனது என்று முடிவு கட்டாமல், உள்ளே இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு கணினியில் 'ஃபேட் 32' முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள். சுமாரான தரத்தில் 32 ஜி.பி.க்குள் ஏறக்குறைய 7,000 பாட்டு அடங்கும் என்பதால் பெரிய டிரைவ் வாங்கவும் தேவையில்லை.

சாமான்களைக் காப்பாற்ற

30. ஸ்பீக்கரை பீரோ மேல் வைத்தால் தகரம் அதிர்ந்து சத்தம் கெடும். தேய்ந்த ரப்பர் செருப்பை நாலு துண்டாக வெட்டி அடியில் வையுங்கள், அதிர்வு நின்றுவிடும். மிக்ஸிக்கு அடியிலும் இதே வைத்தியம்.

31. இயர்போனில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் காதழுக்குதான் காரணம். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் தேயுங்கள். தண்ணீர் மட்டும் ஆகாது.

32. செல்போனில் இயர்போன் துளை பிடிப்பு விட்டுப்போனால், உள்ளே பஞ்சும் தூசியும் அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டுத் துடைப்பத்திலிருந்து ஒரு மெல்லிய ஈர்க்குச்சியை எடுத்து, நுனியால் மெதுவாகச் சுரண்டி வெளியே தட்டுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம்.

33. இயர்போன் ஒயர் முதலில் அறுவது கழுத்துப் பக்கம்தான். மை தீர்ந்த பேனாவின் ஸ்பிரிங்கை அந்த இடத்தில் சுற்றிவிடுங்கள். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல் தளர்வாக வளையம் போட்டு, பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இன்னும் பல மாதம் உழைக்கும்.

34. அடிக்கடி பயன்படுத்தாத ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சார்ஜ் முழுதும் தீர்ந்த நிலையில் அலமாரியில் வைக்காதீர்கள். பாதி ஏற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றினால் பேட்டரி நீடிக்கும்.

35. கேசட் நாடா தொங்கினால் பென்சிலை உள்ளே விட்டுச் சுற்றும் வித்தை உங்களுக்கே தெரியும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களைக் கேசட் பெட்டியில் போட்டு வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது முழுக்க ஓடவிட்டால் நாடா ஒட்டிக்கொள்ளாது.

36. வீட்டுக் கல்யாணம், பாட்டி பாடியது என்று கேசட்டில் இருந்தால் உடனே கணினிக்கு மாற்றிவிடுங்கள். டேப்பின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் மைக் துளைக்கு ஒரு ஒயர், 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. 60 நிமிடக் கேசட்டுக்கு ஒரு பக்கம் 30 நிமிடம். பதிவாகும் நேரத்தில் கீரை ஆய்ந்துவிடலாம்.

37. சி.டி. திக்கினால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு போய்ப் பாட்டு மேலும் திக்கும்.

ரயிலிலும் ரோட்டிலும்

38. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிறவர்கள் இரவே வீட்டு வைஃபையில் பாட்டைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நெரிசலில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், பேட்டரியும் தங்கும். பக்கத்து சீட்காரரின் பாட்டு நன்றாக இருந்தால் சிரித்துக்கொண்டே பெயர் கேளுங்கள்; நம் பாட்டை மட்டும் ஸ்பீக்கரில் போட்டு மற்றவர்களைச் சோதிக்க வேண்டாம்.

39. எஸ்டேட் வேலைக்காகப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறவர்கள், வண்டி நிற்பதற்குள் குட்டி இயர்பட்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். இறங்கும் தள்ளுமுள்ளில் விழுந்தால் தண்டவாளத்துக்குள்தான். தினசரி ரயிலுக்கு ஒயர் இயர்போனே லாபம், தொலைந்தாலும் நஷ்டம் சிறிது.

40. காதில் பாட்டோடு தண்டவாளம் கடப்பது உயிரோடு விளையாட்டு. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைந்தால் 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. படிக்கட்டு ஏறும் இரண்டு நிமிடத்தில் பாதிப் பாட்டு கேட்டுவிடலாம்.

41. பருத்திப்பட்டு ஏரி, அம்பத்தூர் ஏரிப் பக்கம் நடக்கிறவர்கள் நிமிடத்துக்கு 100 தாளம் சுற்றியுள்ள பாட்டைத் தேர்ந்தெடுங்கள். தாளத்துக்கு ஒரு அடி வைத்தால் அதுவே சுறுசுறுப்பான நடை. கைக்கடிகார மெஷின் வாங்காமலே வேகம் தெரிந்துவிடும்.

42. பைக், ஸ்கூட்டரில் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் வேண்டவே வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரியின் ஹாரன்தான் நாம் கேட்க வேண்டிய பாட்டு.

அக்கம்பக்கத்தோடு இணக்கமாக

43. 1961-ல் ஆவடியில் டாங்கி தொழிற்சாலையும் 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்த நாளிலிருந்து நம் தெருக்களில் பகலில் தூங்குகிறவர்கள் உண்டு. மாடி வீட்டில், எதிர் வீட்டில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் நம் ஸ்பீக்கர் அவர்கள் சுவரை விட்டு எதிர்ச் சுவருக்குப் போகட்டும்.

44. பக்கத்து வீட்டுக்குப் போய் இடிப்பது குரல் அல்ல, 'பேஸ்' என்ற அடிநாத முழக்கம்தான். அது சுவரைத் துளைத்துப் போகும். மொத்தச் சத்தத்தைக் குறைக்க மனமில்லை என்றால் பேஸை மட்டும் பாதியாகக் குறையுங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி இழுத்து வைத்தாலே முழக்கம் அடங்கும்.

45. தெரு ஒலிபெருக்கியை ஒரு காலண்டராகவே பயன்படுத்தலாம். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு வந்தால் ஆடி, திருவேற்காட்டுக் கூட்டத்துக்கு முன்பே பஸ்ஸில் கிளம்புங்கள், கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டு வந்தால் கார்த்திகை, அகல் விளக்கை மலிவாக இருக்கும்போதே வாங்குங்கள். நாகூர் ஹனீஃபாவின் குரல் தொடர்ந்து கேட்டால் நோன்புக்கஞ்சிக்கு ஒரு தூக்குவாளியைக் கழுவி வைக்கலாம்!

46. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்த்தலாம். வீட்டில் பச்சைக் குழந்தையோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருந்தால், கூழ் ஊற்றும் நன்கொடை கொடுக்கும்போதே "ஸ்பீக்கரைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்புங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அனேகமாகக் கேட்பார்கள்.

47. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெஷின் வேண்டாம், எளிய சோதனை உண்டு: கையெட்டும் தூரத்தில் இருந்து நாம் பேசுவது பாட்டு கேட்பவருக்குக் கேட்கவில்லையென்றால் சத்தம் அதிகம்.

48. படிக்கும் பிள்ளை "பாட்டு இருந்தால்தான் மண்டையில் ஏறும்" என்கிறதா? வரிகள் இல்லாத இசையாகக் கொடுங்கள்: புல்லாங்குழல், வீணை, இல்லையென்றால் 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. அதுவும் கணக்குப் போடும்போது மட்டும். மனப்பாடம் செய்யும்போது மௌனம்தான் உத்தமம்.

49. மார்கழியில் திருப்பாவை 30 பாட்டு, நாள் 29 அல்லது 30. எம்.எல். வசந்தகுமாரி பாடியதைத் தினம் கோலம் போடும்போது ஒன்று மட்டும் போடுங்கள், ட்யூஷன் இல்லாமலே பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும்.

50. சபாக் கச்சேரி நமக்குத் தூரம் என்று விட்டுவிடாதீர்கள். பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. மின்சார ரயிலில் சென்ட்ரல், ரோட்டைத் தாண்டிப் பூங்கா நகர், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை. ஆட்டோ செலவில்லாமல் கச்சேரி, கேன்டீனில் ஒரு காபி.

51. பாட்டியின் தாலாட்டு எந்தச் செயலியிலும் கிடைக்காது. குழந்தையைத் தூங்கவைக்கும்போது ஃபேனை நிறுத்தி, போனைத் தலையணை அருகே வைத்துப் பதிவு செய்யுங்கள். பெயரும் தேதியும் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்.

இத்தனையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. உடனே பலன் தருவது 16-ஆவது குறிப்பு: அடுத்த கரண்ட் ரீடிங் வரை பாட்டை ரேடியோவுக்கு மாற்றிவிட்டு, பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வாரமே மாடி வீட்டு அக்காவிடமும் எதிர் வீட்டு அண்ணனிடமும் என்ன கேட்கிறார்கள், எதில் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். நல்ல யோசனை கிடைத்தால் அடுத்த தெருவுக்கும் சொல்லிவிடுங்கள் தோழிகளே!